கரிசலின் முழுப் பெயர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: படிப்புக்காக எங்கள் குடும்ப நிலத்தில் 150 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி மண்ணை ஆய்வு செய்தேன். அடி வரை கருஞ்சாம்பல் நிறம். களியின் அளவு 55 முதல் 58 விழுக்காடு. கார அமில நிலை 8.3. அருகிலுள்ள மழைமானியின் 10 ஆண்டுக் கணக்கையும் வாங்கி வைத்திருக்கிறேன். இவற்றைக் கொண்டு இந்த மண்ணுக்கு முறையான பெயர் கொடுப்பது எப்படி? ‘கரிசல்’ என்று எழுதினால் போதாதா?
– வேளாண் மாணவி, கோவில்பட்டி வட்டாரம்

‘கரிசல்’ என்பது குறைவான சொல் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மழை பெய்த மறுநாள் அந்தக் காட்டில் கால் வைக்க முடியாது, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசி மழையைப் பிடித்து வைத்துத் தை மாதம் வரை பயிருக்குக் கொடுக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. ஆனால் ஆறடி ஆழக் கரிசலுக்கும், ஒன்றரை அடியில் பாறை தட்டும் கரிசலுக்கும் ஊரில் ஒரே பெயர்தான் வழங்குகிறது. நாக்பூரில் உள்ளவரும் சூடானின் கெஸீரா சமவெளியில் உள்ளவரும் உங்கள் மண்ணைத் தம் மண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், அளந்து சொல்லக்கூடிய பெயர் ஒன்று தேவைப்படுகிறது. அமெரிக்க வேளாண் துறை 1975-இல் வெளியிட்டுப் பின்னர் பலமுறை திருத்திய மண் வகைப்பாட்டு முறையைத்தான் நம் நாட்டு மண் ஆய்வு நிறுவனங்களும் பின்பற்றுகின்றன. அந்த முறையின்படியே பதில் சொல்கிறேன்.

நீங்கள் தந்திருக்கும் மூன்று விவரங்களில், மண் எந்த ‘வரிசை’யை, அதாவது இந்த முறையின் மிகப் பெரிய பிரிவுகளில் எதைச் சேர்ந்தது என்பதைத் தீர்மானிக்க உதவுவது களியின் அளவு மட்டுமே. நிறத்துக்கும் கார அமில நிலைக்கும் அங்கே இடமில்லை. கரிசலின் வரிசையான ‘வெர்ட்டிசால்’ என்ற பெயரைக் கொடுக்க மூன்று அடையாளங்கள் சேர்ந்திருக்க வேண்டும். மேல் 18 செ.மீ.க்குச் சராசரியாகவும், அதற்குக் கீழே 50 செ.மீ. வரை ஒவ்வோர் அடுக்கிலும் களி 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். காலம்தோறும் திறந்து மூடும் வெடிப்புகள் இருக்க வேண்டும். மேற்பரப்பிலிருந்து ஒரு மீட்டருக்குள், குறைந்தது 25 செ.மீ. தடிமனுள்ள ஓர் அடுக்கில் ‘ஸ்லிக்கன்சைடு’ எனப்படும் வழுக்குப் பரப்புகளோ, ஆப்பு வடிவ மண்கட்டிகளோ தென்பட வேண்டும். இவற்றில் முதலாவது உங்களிடம் இருக்கிறது. மற்ற இரண்டையும் நீங்கள் எழுதவில்லை. குழியை இன்னும் மூடவில்லை என்றால் நாளையே திரும்பப் போய்ப் பாருங்கள்.

மண்வெட்டி வெட்டிய சுவர் எதையும் காட்டாது, வெட்டிய தகடு களிமண்ணை மெழுகிவிட்டிருக்கும். கத்தி முனையால் சுவரிலிருந்து கட்டிகளை நெம்பி, அவை தாமாகப் பிரியும் இடத்தில் பிரிய விடுங்கள். ஏறக்குறைய முழங்கால் ஆழத்துக்குக் கீழே ஒரு கட்டி சாய்வாகக் கழன்று வரும்போது, அது விட்டுச் சென்ற முகம் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். வெளிச்சத்துக்குச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் அந்த மினுக்கத்தின் மேல் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் தெரியும். விரலை வைத்தால் வழுக்கும். நனைந்து பருத்த மண், இடம் போதாமல் பக்கத்து மண்ணின் மேல் அழுந்தி ஏறிச் சறுக்கிய தடம் அது. பல ஆண்டுகள் குழிகளுக்குள் இறங்கிய பிறகும், அந்த முகத்தை முதலில் காணும் கணம் எனக்கு இன்னும் மகிழ்ச்சி தருகிறது. மண் அசைந்ததற்கான நேரடிச் சாட்சி அது. கிடைமட்டத்திலிருந்து அது எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது, எந்த ஆழத்தில் தொடங்கி எந்த ஆழத்தில் முடிகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மேலிருந்து அடி வரை சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்து, எங்கே மெல்லவும் எங்கே சீறியும் பொங்குகிறது என்று எழுதுங்கள். சுக்கான் கட்டிகள் எந்த ஆழத்தில் கூடுகின்றன என்பதையும், உப்புப்போல மின்னும் ஜிப்சப் படிகங்கள் இருக்கின்றனவா என்பதையும் மறவாமல் பாருங்கள்.

இனி மழைக் கணக்குக்கு வருகிறேன். வெப்பமும் மழையும் அறிக்கையின் முன்னுரையில் ‘தட்பவெப்பம்’ என்ற தலைப்பில் ஒரு பத்தியாக எழுதிவிட்டுக் கடந்துபோக வேண்டிய செய்திகள் என்றுதான் பெரும்பாலான மாணவர்கள் நினைக்கிறார்கள். அது சரியன்று. அவை பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் மண்ணுக்கு வரப்போகும் ‘ஹேப்லஸ்டெர்ட்’ என்ற பெயரைப் பிரித்துப் பாருங்கள். கடைசியில் உள்ள ‘எர்ட்’ வெர்ட்டிசாலைக் குறிக்கிறது. நடுவில் உள்ள ‘உஸ்ட்’, எரிந்தது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; ஆண்டில் ஒரு பருவம் நனைந்தும் மற்றொரு பருவம் காய்ந்தும் கிடக்கும் மண்ணுக்கு உரியது. ‘ஹேப்ல்’ என்பது எளிய, சிறப்புக் கூறுகள் இல்லாத என்ற கிரேக்கப் பொருளைத் தருகிறது. ஆக, பெயரின் நடுத்துண்டைத் தருவது பருவமழை; குழியை மட்டும் வைத்துக்கொண்டு அதை எழுத முடியாது.

மற்ற மண் வகைகளுக்கு ஈரப் பருவத்தைக் கணிக்கும் வழி வேறு. களிப்பாங்கான மண்ணில் தோராயமாக 10 முதல் 30 செ.மீ. வரையுள்ள பகுதி ஆண்டில் எத்தனை நாள் நனைந்திருக்கிறது, எத்தனை நாள் காய்ந்திருக்கிறது என்று மழையையும் ஆவியாதலையும் வைத்துக் கணக்கிடுவார்கள். வெர்ட்டிசாலில் அந்தக் கணக்கு நேராக நிற்காது. முதல் மழை மேற்பரப்பை நனைப்பதற்கு முன்பே வெடிப்புகளின் வழியாக அடிக்கு ஓடிவிடுகிறது. மேலே ஈரமும் நடுவில் வறட்சியும் அடியில் மறுபடி ஈரமுமாக மண் இருக்கும். அதனால் இந்த வரிசைக்கு மட்டும் வெடிப்பையே நாட்காட்டியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பாசனம் இல்லாத நிலத்தில், மேல் 50 செ.மீ.க்குள் குறைந்தது 25 செ.மீ. தடிமனுக்கு, 5 மி.மீ. அல்லது அதற்கும் அகலமான வெடிப்பு ஆண்டில் மொத்தமாக 90 நாட்களோ அதற்கு மேலோ திறந்திருந்தால் அது ‘உஸ்டெர்ட்’. தொடர்ச்சியாக 60 நாட்கள்கூட மூடியிருக்கவில்லை என்றால் அது பாலைவனப் பகுதிக்குரிய ‘டோரெர்ட்’ ஆகிவிடும். எனவே நீங்கள் இரண்டையும் காட்ட வேண்டும்: 90 நாள் திறந்திருந்தது, தொடர்ந்து 60 நாளாவது மூடியிருந்தது.

இதை ஒரு காய்ந்த கம்பந்தட்டையைக் கொண்டே அளக்கலாம். நிலத்தில் ஐந்தாறு இடங்களைக் குறித்துக்கொண்டு, வாரம் ஒருமுறை வெடிப்பின் அகலத்தை அளவுகோலால் அளந்து, தட்டையை உள்ளே விட்டு ஆழத்தையும் பார்த்து எழுதுங்கள். அதே வாரத்தின் மழையைப் பக்கத்தில் குறியுங்கள். ஓராண்டு இப்படிச் செய்தால், எவ்வளவு மழைக்குப் பிறகு உங்கள் நிலம் மூடுகிறது, கடைசி மழைக்குப் பின் எத்தனை வாரத்தில் மறுபடி திறக்கிறது என்பது தெரிந்துவிடும். நீங்கள் நேரில் பார்க்க முடியாத பழைய ஆண்டுகளுக்கு, இந்த அனுபவத்தை மழைக் கணக்கின் மேல் பொருத்திப் பார்க்கலாம்.

பொருத்தும் முறை வரவு செலவுக் கணக்கைப் போன்றது. மாத மழை வரவு. அந்த மாதத்தில் ஆவியாதலும் பயிரின் வழியே போகும் நீரும் செலவு. அமெரிக்கக் காலநிலை அறிஞர் தார்ன்த்வெயிட் 1948-இல் வெப்பநிலையிலிருந்து இந்தச் செலவைக் கணிக்கும் முறையைக் கொடுத்தார். உங்களிடம் வெப்பநிலை மட்டுமே இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். ஓர் எடுத்துக்காட்டு: அக்டோபரில் மழை 180 மி.மீ., செலவு 130 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 50 மி.மீ. மண்ணில் சேர்கிறது. நவம்பரிலும் மழை மிஞ்சினால் சேமிப்பு வளர்கிறது. ஒரு மீட்டர் ஆழக் கரிசல் பயிருக்கு உதவும் நீராக 150 மி.மீ.க்கு மேல் பிடித்து வைக்கும் என்பதால், மழை நின்ற பிறகும் அந்தச் சேமிப்பு ஜனவரி வரை கைகொடுக்கும். கோவில்பட்டிப் பகுதியின் ஆண்டு மழை சுமார் 700 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. ஆண்டு முழுவதற்குமான செலவோ மழையைப் போல இரு மடங்குக்கும் மேல். ஆகவே ஐப்பசியில் மூடும் வெடிப்பு மார்கழி தாண்டும் வரை மூடியிருப்பதும், மாசி பங்குனிக்குப் பிறகு திறந்து புரட்டாசி வரை கிடப்பதும் கணக்கிலேயே தெரியும். இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறுகின்றன.

உங்கள் 10 ஆண்டுக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வகைப்பாடு ‘இயல்பான ஆண்டு’ ஒன்றையே கேட்கிறது. 30 ஆண்டுகளோ அதற்கு மேலோ உள்ள சராசரியை வைத்துத்தான் எந்த ஆண்டு இயல்பானது என்று முடிவு செய்ய வேண்டும். அந்தப் பத்துக்குள் ஒரு கடும் வறட்சியும் ஒரு வெள்ளமும் விழுந்திருந்தால் சராசரியே இடம் மாறிவிடும். நீண்ட காலக் கணக்கைத் தேடிப் பெறுங்கள். உங்கள் 10 ஆண்டுத் தினசரிக் குறிப்பை வீணாக்காமல், வெடிப்பு நாட்களைக் கணிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பநிலையும் பெயரில் இடம் கேட்கிறது. 50 செ.மீ. ஆழத்தில் மண்ணின் ஆண்டுச் சராசரி வெப்பம் 22 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்து, கோடைச் சராசரிக்கும் குளிர்காலச் சராசரிக்கும் வேறுபாடு 6 பாகைக்குக் குறைவாக இருந்தால் ‘ஐசோஹைப்பர்தெர்மிக்’ என்று எழுத வேண்டும். நம் தென்மாவட்டங்களில் மார்கழிக்கும் ஆடிக்கும் இடையே மண்ணின் அடியில் அவ்வளவு மாற்றம் வருவதில்லை. நாக்பூரில் குளிர்காலம் உண்டு. அங்குள்ள கரிசல் வெறும் ‘ஹைப்பர்தெர்மிக்’. இரு குழிகளும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பெயர் இந்த இடத்தில் பிரிகிறது. விதை முளைப்பதும் வேர் வேலை செய்வதும் அந்த வெப்பத்தில்தான் என்பதால் இது நியாயமான பிரிவு என்றே நான் கருதுகிறேன்.

எல்லாவற்றையும் சேர்த்தால், வழுக்குப் பரப்புகள் உங்கள் குழியில் உறுதியாகி, எக்ஸ்ரே ஆய்வில், நனைந்தால் பருத்துக் காய்ந்தால் சுருங்கும் ஸ்மெக்டைட் களிக்கனிமம் மிகுதி என்று தெரிந்தால், முழுப் பெயர் இப்படி அமையும்: நுண்களி, ஸ்மெக்டைட், ஐசோஹைப்பர்தெர்மிக், டிபிக் ஹேப்லஸ்டெர்ட். ‘டிபிக்’ என்றால் அந்தக் குழுவுக்கு மாதிரியானது என்று பொருள். களி 60 விழுக்காட்டை எட்டியிருந்தால் ‘மிகு நுண்களி’ என்று மாறும். ஒரு மீட்டருக்குள் சுண்ணாம்பு தனி அடுக்காகத் திரண்டிருந்தால் ‘கால்சியஸ்டெர்ட்’ என்று, வரிசைக்கு இரண்டு படி கீழே உள்ள பிரிவான பெருங்குழுவே மாறும். ஜிப்சத்தைப் பார்க்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. கோவில்பட்டிப் பகுதியின் கரிசலில் சில இடங்களில் அடியில் ஜிப்சம் திரண்டிருக்கிறது. அங்கே ‘ஜிப்சிக் ஹேப்லஸ்டெர்ட்’ என்று எழுத வேண்டும். ஜிப்சம் மெல்லக் கரைந்து கால்சியத்தைத் தந்துகொண்டிருப்பதால் சோடியம் களியில் ஏறி மண்ணை இறுக்குவது தடைபடுகிறது. இவ்வளவு குறைந்த மழையிலும் அந்த மண் நீரை உள்ளே விடுவதற்கு அது முக்கியமான காரணம்.

கேள்வி: எங்கள் ஊரைப் பற்றிய பழைய மண் ஆய்வு அறிக்கையில் ‘டிபிக் குரோமஸ்டெர்ட்’ என்று இருக்கிறது. பின்னர் வந்த வரைபடத்தில் அதே இடத்துக்கு ‘டிபிக் ஹேப்லஸ்டெர்ட்’ என்று போட்டிருக்கிறார்கள். இடையில் மண் மாறிவிட்டதா, அல்லது இரண்டில் ஒன்று பிழையா?
– ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், அருப்புக்கோட்டை

மண் மாறவில்லை, பிழையும் இல்லை. முன்பு கரிசலைப் பெருங்குழுக்களாகப் பிரிக்க நிறத்தைத்தான் பயன்படுத்தினார்கள். மன்செல் வண்ணப் புத்தகத்தில் 10 ஒய்.ஆர். 3/1 என்பதுபோல் எழுதுகிறோமே, அதில் கடைசி எண் நிறத்தின் செறிவைக் குறிப்பது. மேல் 30 செ.மீ.யில் ஈரமான மண்ணின் செறிவு 1.5-க்குக் கீழே இருந்தால் ‘பெல்லஸ்டெர்ட்’, அதற்கு மேல் இருந்தால் ‘குரோமஸ்டெர்ட்’. செறிவு குறைந்த கருமை, நீர் தேங்கி வடிகால் இல்லாத இடத்தைக் காட்டும் என்பது அன்றைய நம்பிக்கை. பல நாடுகளின் குழிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த நம்பிக்கை நிற்கவில்லை. வெர்ட்டிசால்களுக்காக அமைக்கப்பட்ட பன்னாட்டுக் குழுவின் பரிந்துரைப்படி 1990களின் தொடக்கத்தில் இந்த நிறப் பிரிவு கைவிடப்பட்டு, சுண்ணாம்பு, ஜிப்சம், உப்பு, அமிலத்தன்மை ஆகியவற்றைக் கொண்டு பெருங்குழுக்கள் அமைக்கப்பட்டன. இவற்றில் எதுவும் குறிப்பிடும்படி இல்லாத கரிசல் ‘ஹேப்லஸ்டெர்ட்’ ஆயிற்று.

பழைய அறிக்கையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அதில் பெயரைவிடக் குழி விவரிப்பும் அடுக்கு வாரியான அளவுகளும்தான் பெருமதிப்பு உடையவை. அவை இருந்தால் எந்தப் புதிய முறை வந்தாலும் மறுபெயரிட்டுக்கொள்ளலாம். பெயரை மட்டும் எழுதிவிட்டு விவரிப்பைத் தொலைத்த அறிக்கையால்தான் பயனில்லை. அதே ஆவணங்களில் செவலுக்கும் ஆழமற்ற கருமண்ணுக்கும் ‘உஸ்ட்ரோபெப்ட்’ என்று கண்டால், அதுவும் அந்தப் பத்தாண்டுகளிலேயே ‘ஹேப்லஸ்டெப்ட்’ என்று மாறியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயரால் அமைந்த மண் தொடர்களின் பெயர்கள் மட்டும் இந்த மாற்றங்களுக்கெல்லாம் அசையவில்லை. கோவைப் பக்கத்துக் கரிசல் இன்றும் பீளமேடு தொடர்தான், செம்மண் இருகூர் தொடர்தான்.

கேள்வி: கரிசல் மண் எரிமலைக் குழம்புப் பாறையிலிருந்து உண்டானது என்று பாடம் நடத்துகிறோம். எங்கள் பக்கத்தில் எந்த எரிமலைப் பாறையையும் நான் பார்த்ததில்லையே?
– பள்ளி ஆசிரியர், ராஜபாளையம்

உங்கள் கண் உங்களை ஏமாற்றவில்லை. மகாராட்டிரத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் உள்ள கரிசல், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த தக்காணப் பாசால்ட் பாறையிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பாறை இல்லை. இங்கே அடியில் இருப்பவை நைஸ், சார்னகைட் போன்ற பழம்பாறைகள். அவற்றிலும் சுண்ணாம்புச் சத்து கலந்த ஃபெல்ஸ்பாரும் கருங்கனிமங்களும் உள்ள இடங்களில், மழை குறைவாகவும் நிலம் தாழ்வாகவும் அமைந்துவிட்டால் கரையும் பொருள்கள் கழுவிப் போகாமல் தங்கிவிடுகின்றன. கால்சியம், மக்னீசியம், சிலிக்கா மூன்றும் தங்கும் இடத்தில் ஸ்மெக்டைட் உருவாகவும் நிலைக்கவும் முடியும்.

மாணவர்களை ஒரு மேட்டிலிருந்து ஓடை வரை நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். பல ஊர்களில் மேட்டில் செவலும், சரிவில் இரண்டும் கலந்த மண்ணும், பள்ளத்தில் கரிசலுமாகச் சில நூறு மீட்டருக்குள் மாறுவதைக் காணலாம். மேட்டில் பெய்த நீர் வடிந்து போகிறது. இரும்பு துருப்பிடித்துச் சிவக்கிறது. வடிந்த நீர் கரைத்துக் கொண்டுவந்த உப்புகளைப் பள்ளம் வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒரே மழையும் ஒரே பாறையும் இருந்தும் நிலத்தின் கிடப்பு இரண்டு மண்ணைப் படைத்திருக்கிறது. கருப்பு நிறம் மக்குப்பொருள் மிகுதியால் வந்தது என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நம் கரிசலில் அங்ககக் கரிமம் பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கும் கீழேதான். இருக்கும் சிறிதளவு மக்குப்பொருளும் களியோடு இறுகப் பிணைந்து இந்தக் கருமையைத் தருகிறது. ருசியப் புல்வெளிகளின் கருமண் மக்கால் கருத்தது. அது முற்றிலும் வேறு வரிசை.

கேள்வி: எங்கள் நிலம் நல்ல கருப்பு. ஆனால் 45 செ.மீ.யில் சுக்கான் கலந்த மக்கிய பாறை தட்டுகிறது. கோடையில் வெடிக்கவும் செய்கிறது. இதை வெர்ட்டிசால் என்று எழுதலாமா? மண்வள அட்டையில் இந்தப் பெயர் ஏன் இல்லை?
– விவசாயி, விளாத்திகுளம்

ஆழம் குறைவு என்பதற்காக மட்டும் அந்தப் பெயரை மறுக்க முடியாது. பாறை வரையுள்ள எல்லா அடுக்கிலும் களி 30 விழுக்காடு இருந்து, 25 செ.மீ. தடிமனுக்கு வழுக்குப் பரப்போ ஆப்பு வடிவக் கட்டியோ தெரிந்தால் அது ஆழமற்ற வெர்ட்டிசால். ஆனால் 45 செ.மீ. மண்ணில் அவை உருவாகப் போதிய அழுத்தம் கிடைப்பது அரிது. வெடிப்பு மட்டும் இருந்து வழுக்குப் பரப்பு இல்லையென்றால், பெரும்பாலும் ‘வெர்ட்டிக் ஹேப்லஸ்டெப்ட்’ என்றே முடிவாகும். கரிசலின் குணம் உண்டு, ஆனால் முழுக் கரிசல் அன்று என்பது அதன் பொருள்.

இந்த வேறுபாடு உங்கள் விதைப்பைத் தொடுவது. ஆழக் கரிசலில் கார்த்திகைக்குப் பிறகு மழை பொய்த்தாலும் பருத்தி தாங்கும், ஏனென்றால் அடியில் ஈரம் கிடக்கிறது. உங்கள் நிலத்தின் சேமிப்பு அதில் பாதிகூட இருக்காது. மழை நின்ற இரண்டு மூன்று வாரத்தில் பயிர் வாடத் தொடங்கும். மழைக்கு முந்திய புழுதி விதைப்பும், உளுந்து, பாசி போன்ற குறுகிய காலப் பயிர்களும் உங்களுக்குப் பொருந்தும்.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டை, உழவடி மண்ணை எடுத்து 12 அளவுகளைச் சொல்வது. தழை, மணி, சாம்பல் சத்துகளும் நுண்ணூட்டங்களும் கார அமில நிலையும் அதில் வரும். குழி வெட்டாமல் எடுத்த மாதிரியிலிருந்து ஆழமும் வெடிப்பும் தெரியாது என்பதால் மண் வகையை அதில் எதிர்பார்க்க முடியாது. அட்டையின் பின்பக்கத்தில், பாறை தட்டிய ஆழத்தையும், இந்தக் கோடையில் வெடிப்பு திறந்த நாளையும், ஐப்பசியில் அது மூடும் நாளையும் நீங்களே எழுதி வைத்து, அடுத்த முறை வேளாண் அலுவலரைப் பார்க்கும்போது அதையும் சேர்த்துக் காட்டுங்கள்.